மூன்று பட்டை, ஒரு துறவி: பழைய நிலக்காட்சி ஒன்றை நகலெடுத்து வண்ணம் தீட்டக் கற்பது

கீழே வெளிறிய மணல். அதற்கு மேல் மெல்லிய பட்டையாகக் கறுத்த கடல். மீதியெல்லாம் வானம். மணல்மேட்டில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு துறவி தனியாக நிற்கிறார். படத்தில் இருப்பது இவ்வளவுதான்.

காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் என்ற ஜெர்மானிய ஓவியர் 1808-க்கும் 1810-க்கும் இடையில் டிரெஸ்டன் நகரில் தீட்டிய படம் இது. பெயர் 'கடலோரத் துறவி'. இப்போது பெர்லினில் ஆல்ட்டே நாட்சியோனால்கேலரி என்ற கலைக்கூடத்தில் இருக்கிறது. அகலம் 171.5 செ.மீ., உயரம் 110 செ.மீ. வண்ணம் தீட்டப் புதிதாகக் கற்பவர்கள் "முதலில் எதை வரையலாம்?" என்று கேட்டால் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். "இதில் ஒன்றுமே இல்லையே!" என்பார்கள். ஒன்றும் இல்லாததால்தான் இதைச் சொல்கிறேன். மரம், இலை, வீடு, மாடு என்று கண்ணை இழுக்க எதுவும் கிடையாது. அதனால் வண்ணம் தீட்டுவதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு விஷயம் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. எந்த இடம் எவ்வளவு இருட்டு, எந்த இடம் எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் அது. அதைக் கண் பழகிவிட்டால் நிறம் பின்னாலேயே வந்துவிடும்.

'ரொமாண்டிக் நிலக்காட்சி' என்று கலை வரலாற்றில் சொல்வதற்கும் காதலுக்கும் சம்பந்தமில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஐரோப்பாவில் ஓங்கியிருந்த ஓர் இயக்கம் அது. தமிழில் கற்பனாவாதம், புனைவியல் என்றெல்லாம் எழுதுகிறோம். அதுவரை கலைக்கழகங்களில் நிலக்காட்சிக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. புராணக் கதையும் சரித்திரக் காட்சியும்தான் உயர்ந்தவை. மலையும் மரமும் அவற்றுக்குப் பின்னணி. ரொமாண்டிக் ஓவியர்கள் அந்தப் பின்னணியை முன்னால் கொண்டுவந்தார்கள். மூடுபனி, புயல், கடல் இவற்றுக்கு முன்னால் ஒரு மனிதர் நிற்கும்போது வரும் வியப்பும் அச்சமும் அவர்களுக்குப் போதுமான கதையாக இருந்தது. இங்கிலாந்தில் டர்னரும் கான்ஸ்டபிளும், ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷும் இதில் பெரிய பெயர்கள்.

ஃப்ரீட்ரிஷ் 1774-ல் பால்டிக் கடலோரத்து கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். கோபன்ஹேகனில் படித்துவிட்டு 1798-ல் டிரெஸ்டனுக்குப் போய் அங்கேயே குடியிருந்தார். ஆனாலும் சொந்த ஊர்க் கடற்கரைக்கும் பக்கத்து ரூகன் தீவுக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பென்சிலில் வரைந்துகொண்டு வருவார். எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது டிரெஸ்டன் திரும்பிய பிறகு, ஸ்டூடியோவில். 'கடலோரத் துறவி' 1810-ல் பெர்லினில் காட்சிக்கு வந்தபோது பார்த்தவர்கள் தடுமாறிப்போனார்கள். அந்தக் கால நிலக்காட்சிகளில் இரண்டு ஓரத்திலும் ஒரு மரமோ பாறையோ நின்று கண்ணை உள்ளே பிடித்து வைக்கும். இதில் பிடிமானமே இல்லை. கண் இடது பக்கமும் வலது பக்கமும் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. கண்ணிமைகளையே அறுத்தெடுத்தது போல இருக்கிறது என்று எழுத்தாளர் கிளைஸ்ட் எழுதினார். பிரஷ்ய மன்னர் படத்தை வாங்கிக்கொண்டார்.

நகலெடுப்பது தப்பில்லையா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 'சொந்தமாக வரைவதுதான் கலை, பார்த்து வரைவது காப்பி' என்று பள்ளியிலேயே நம் மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் சங்கீதம் கற்பவர் முதல் நாளிலேயே சொந்தமாக ஒரு கீர்த்தனை பாட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லையே. சரளி வரிசையில் தொடங்கி, குரு பாடுவதைத் திருப்பிப் பாடித்தான் குரல் வளர்கிறது. ஓவியத்திலும் வழி இதுதான். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் 1793-ல் திறந்த காலத்திலிருந்தே ஓவியர்கள் அங்கே ஈசலை (படம் தாங்கும் சட்டத்தை) நிறுத்தி நகலெடுத்து வந்திருக்கிறார்கள். இன்றும் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யலாம். கான்ஸ்டபிள், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ளோட் லொரேன் என்ற ஓவியரின் படங்களை உட்கார்ந்து நகலெடுத்தவர். அவர் பெயரும் புகழும் பெற்ற பிறகும் 1823-ல் ஒரு நண்பர் வீட்டில் தங்கி க்ளோடின் படம் ஒன்றை நகலெடுத்திருக்கிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் டச்சு ஓவியர் வான்கா. 1889, 1890-ல் சேன் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களை வரிசையாக நகலெடுத்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். இருட்டையும் வெளிச்சத்தையும் மில்லேயிடமிருந்து எடுத்துக்கொண்டு நிறத்தைத் தானே போட்டுக்கொண்டார். நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதுதான்.

போலிக்கும் நகலுக்கும் வித்தியாசம் எங்கே என்றால், பார்ப்பவரை ஏமாற்றும் எண்ணத்தில். லூவ்ரில் அசலின் அதே அளவில் நகலெடுக்கக் கூடாது, ஓவியரின் கையெழுத்தையும் போடக் கூடாது. வீட்டில் செய்யும்போதும் அதே ஒழுங்கு நல்லது. ஃப்ரீட்ரிஷ் 1840-லேயே இறந்துவிட்டதால் பதிப்புரிமைப் பிரச்சினை எதுவும் கிடையாது.

கண் எங்கே ஏமாறுகிறது

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். கடலைப் பார்த்ததும் மனசு 'கடல்' என்று பெயர் வைத்துவிடுகிறது. பெயர் வைத்த அடுத்த நொடியே கை நீல டியூபை எடுக்கிறது. மணல் என்றால் மஞ்சள், மேகம் என்றால் வெள்ளை. இந்தப் பெயர்கள் சின்ன வயதில் சேர்த்து வைத்தவை. எதிரே இருக்கும் படத்தை நாம் இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. ஃப்ரீட்ரிஷின் கடல் நம் வங்கக் கடலின் காலை நேரத்து நீலம் இல்லை. கிட்டத்தட்ட மைக்கறுப்பு, அங்கங்கே நுரைக்கு மிகச் சிறிய வெள்ளைத் தீற்றல்கள்.

ஒரு நிறம் வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதை ஓவியர்கள் 'வேல்யூ' என்பார்கள். நிறத்தின் பெயரை மறந்துவிட்டு அதன் கனத்தை மட்டும் பார்ப்பது. ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு முதல் கட்டத்தில் சுத்த வெள்ளை, ஐந்தாவதில் உங்களால் கலக்க முடிந்த மிகக் கறுத்த நிறம், நடுவில் மூன்று சாம்பல்கள் என்று தீட்டிப் பாருங்கள். இரண்டாவதும் நான்காவதும் சுலபமாக வந்துவிடும். மூன்றாவதில்தான் சிக்கல். அது இரண்டுக்கும் சரியாக நடுவில் நிற்பதற்கு நாலைந்து முறை கலக்க வேண்டியிருக்கும். அந்தச் சிக்கலில்தான் பாடம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

அடுத்து ஒரு விசிட்டிங் கார்டில் காகிதத்தில் துளை போடும் கருவியால் ஒரு ஓட்டை போடுங்கள். கார்டைப் படத்தின் மேல் நகர்த்தி, ஓட்டை வழியாக மணலை மட்டும் பாருங்கள். படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்த மணல், கார்டின் வெள்ளைக்கு நடுவே அழுக்குச் சாம்பலாக, கொஞ்சம் பழுப்பு கலந்து தெரியும். முதல் தடவை இதைப் பார்க்கும்போது நம்பவே முடியாது. கார்டை எடுத்தால் மறுபடி வெளுத்துவிடும், வைத்தால் மறுபடி மங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் கறுத்த கடல்தான் மணலை வெளுக்க வைக்கிறது.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த விஷயத்தை முறையாக ஆராய்ந்தவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸின் கோபலன் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர். கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்று அங்கே புகார் வந்துகொண்டே இருந்தது. அவர் பரிசோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குற்றமில்லை. அந்தக் கறுப்பைச் சுற்றியிருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறிக் காட்டியிருந்தன. இதைப் பற்றிய அவருடைய நூல் 1839-ல் வந்தது. ஃப்ரீட்ரிஷ் அதற்கு முப்பது வருடம் முன்பே கடலைக் கறுப்பாக்கி மணலுக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டார். ஓவியர்கள் இதையெல்லாம் கண்ணால் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எந்தப் படத்தைப் பார்த்து வரைவது

இணையத்தில் தேடினால் இதே ஓவியம் ஒரு படத்தில் பழுப்பாகவும் இன்னொன்றில் நீலமாகவும் இருக்கும். காரணம் இருக்கிறது. காலப்போக்கில் மேலே பூசியிருந்த வார்னிஷ் மஞ்சளித்துவிட்டது. பிற்காலத்தவர்கள் பழுது பார்ப்பதாக மேலே வண்ணம் வேறு பூசியிருந்தார்கள். 2013 முதல் 2016 வரை பெர்லினில் இதைச் சுத்தம் செய்து சீர்ப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு வானத்தின் நீலம் திரும்பி வந்தது. ஆகவே சீர்ப்படுத்திய பிறகு எடுத்த புகைப்படத்தை, முடிந்தால் கலைக்கூடம் வெளியிட்டதையே, எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு பிரதியாகச் சேமியுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள், மற்றதை போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முதல் பாதி வேலைக்குக் கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டும் போதும்.

தீட்ட ஆரம்பிப்போம்

30 செ.மீ. அகலம் எடுத்துக்கொண்டால் உயரம் 19 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரும். கடையில் கிடைக்கும் 12-க்கு 10 அங்குல கேன்வாஸ் போர்டில் கீழ்ப்பக்கத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டால் சரியாக இருக்கும். அளவு விகிதத்தை விட்டுவிடாதீர்கள். உயரம் கூடினால் வானத்தின் அகலம் போய்விடும், இந்தப் படத்தின் உயிரே அந்த அகலம்தான்.

வண்ணம், தண்ணீரில் கரைத்துத் தீட்டும் அக்ரிலிக் போதும். டைட்டானியம் வெள்ளை, பிரஷ்யன் நீலம், பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) என்று நான்கு டியூப். கறுப்பு வாங்க வேண்டாம். பிரஷ்யன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் டியூப் கறுப்பைவிட உயிருள்ள ஒரு கறுப்பு கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, அம்பரைக் கூட்டினால் சூடான கறுப்பு. பிரஷ்யன் நீலம் பெர்லினில் 1706 வாக்கில் தற்செயலாகப் பிறந்த நிறமி. பயங்கர வீரியமானது. வெள்ளைக் குவியலில் அரிசிமணி அளவு போட்டாலே மொத்தமும் நீலமாகிவிடும். எப்போதும் வெள்ளையில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நீலத்தில் வெள்ளையைச் சேர்க்க ஆரம்பித்தால் டியூபே காலியாகும். பிரஷில் ஓர் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, மென்மையான உலர்ந்த பிரஷ் ஒன்று, 1 அல்லது 2-ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று.

முதலில் ஆக்கரையும் அம்பரையும் நிறையத் தண்ணீரில் கரைத்து போர்டு முழுக்க ஒரு பழுப்புப் பூச்சு பூசிக் காயவிடுங்கள். வெள்ளைப் பரப்பின் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் கறுப்பாகத் தெரியும். நடுத்தரப் பழுப்பின் மேல் வைத்தால் வெளிச்சமா இருட்டா என்று கண் சரியாகச் சொல்லும். அப்புறம் பென்சிலில் இரண்டே கோடு. ஒன்று தொடுவானம். மற்றது மணலின் விளிம்பு. அது நேர்கோடு இல்லை, இடது பக்கம் துறவி நிற்கும் இடத்தை நோக்கி மெல்ல உயர்ந்து பிறகு சரியும். துறவியை இப்போது வரையவே வேண்டாம்.

முதலில் கடலைப் பூசுங்கள், படத்தின் மிகக் கறுத்த பட்டை அதுதான். அதைப் பூசிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிறகு மணல். ஓட்டைக் கார்டில் பார்த்த சாம்பலை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளையில் கொஞ்சம் ஆக்கர், துளி அம்பர். பூசியதும் 'ரொம்ப மங்கலாக இருக்கிறதே' என்று தோன்றும். வெள்ளையைச் சேர்க்காதீர்கள்.

இப்போது வானம். வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். தொடுவானத்துக்கு ஒட்டினாற்போல் கனத்த நீலச் சாம்பல், கடலைவிட ஒரு படிதான் வெளுப்பு. மேலே போகப் போக மேகம் வெளுத்து, உச்சியில் நீலம் திறக்கிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஃப்ரீட்ரிஷிடம் எண்ணெய் வண்ணம் இருந்தது, நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். நம் அக்ரிலிக் சித்திரை மாதத்தில், மின்விசிறிக்குக் கீழே, நிமிடங்களில் காய்ந்துவிடும். என் முதல் நகலில் வானம் முழுக்கக் கோடு கோடாக, புடவைக் கரை மாதிரி நின்றுவிட்டது. காய ஆரம்பித்த வண்ணத்தின் மேல் ஈர பிரஷை இழுத்துக்கொண்டே இருந்தேன். அடிப்பூச்சு உரிந்து பழுப்புத் தெரிந்தது.

பிறகு கற்றுக்கொண்டது இது. விசிறியை நிறுத்துங்கள். கனமான நீலச் சாம்பல், நடுச் சாம்பல், வெளிர்ச் சாம்பல், உச்சி நீலம் என்று நான்கு குவியலையும் முன்பே தாராளமாகக் கலந்து ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கலக்கப் போனால் அதற்குள் காய்ந்துவிடும். தண்ணீர் ஸ்பிரேயால் பரப்பை லேசாக நனைத்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு நிறங்களைப் பூசி, அவை சேரும் இடத்தில் தட்டை பிரஷால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன இழுப்புகள். உடனே உலர்ந்த மென்பிரஷால் அந்த இடத்தைத் தொட்டும் தொடாமலும் தடவுங்கள், பிரஷ் நுனி மட்டும் பட வேண்டும். பிசுபிசுப்பு வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். முழுசாகக் காயட்டும். மறுநாள், வண்ணத்தில் நிறைய மீடியம் (வண்ணத்தை மெலிதாக்கும் நிறமற்ற அக்ரிலிக் திரவம்) கலந்து கண்ணாடி போல மெல்லிய ஒரு பூச்சு. இதற்கு கிளேஸ் என்று பெயர். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. நான்கைந்து மெல்லிய பூச்சில் வரும் ஆழம் ஒரே தடித்த பூச்சில் வராது. இன்னொன்று, அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் கறுக்கும். நினைத்ததைவிடச் சற்று வெளுப்பாகவே கலக்குங்கள்.

தொடுவானத்தை ஸ்கேல் வைத்து இழுக்கக் கூடாது. கூர்மையான விளிம்பு எதுவோ அது முன்னால் வந்து நிற்கும். மெத்தென்ற விளிம்பு பின்னால் போகும். கடலும் வானமும் சேரும் இடம் படத்திலேயே மிகத் தொலைவில் இருப்பது. அது கத்திபோல் வெட்டினால் அந்தத் தொலைவு நம் மூக்குக்கு முன்னால் வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே மென்பிரஷால் ஒரு தடவை வருடிவிடுங்கள்.

கப்பல்கள் போன இடம்

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அகச்சிவப்புக் கதிரில் இந்தப் படத்தை ஆராய்ந்தபோது கடலில் பாய்மரக் கப்பல்கள் தெரிந்தன. துறவிக்கு இரண்டு பக்கமும் ஃப்ரீட்ரிஷ் கப்பல்களை வரைந்திருக்கிறார், அப்புறம் அவற்றை மூடிவிட்டார். 1809-ல் அவருடைய ஸ்டூடியோவில் படத்தைப் பார்த்த இன்னொரு ஓவியரின் மனைவி, புயல் இல்லை, சூரியன் இல்லை, நிலா இல்லை, ஒரு கப்பல்கூட இல்லை என்று கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். இரண்டு வருடம் ஒரு படத்தோடு இருந்து, இருந்ததையும் எடுத்துவிடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நாமே அந்தக் கடலைப் பூசும்போதுதான் தெரிகிறது. அந்தக் கறுத்த பட்டையைப் பூசி முடித்ததும் எல்லாருடைய கையும் அங்கே ஒரு படகு போடத் துடிக்கும். என் கையும் துடித்தது.

முடித்த வானத்தையும் கடலையும் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்து, அசலின் கறுப்பு வெள்ளைப் பிரதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நம் கடல் போதுமான அளவு கறுக்காமல் இருக்கும், அடிவானத்து மேகம் வெளுத்துப் போயிருக்கும். புதிதாகக் கற்பவர்கள் இருட்டுக்குப் பயப்படுவார்கள். இன்னொரு கிளேஸ் போட்டு இறக்குங்கள்.

துறவி கடைசி. அசல் படத்தில் பென்சிலை நீட்டி, அவர் உயரம் படத்தின் உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்துகொள்ளுங்கள், கண்ணளவை நம்பாதீர்கள். மனிதர் என்றதும் மனசு அவரைப் பெரிதாக்கிவிடும். நம் அளவில் அவர் கிட்டத்தட்ட ஒரு விரல்நக அளவுக்குத்தான் வருவார். அம்பரைக் கூட்டிய சூடான கறுப்பில் அங்கிக்கு ஒரு சின்னத் தீற்றல். பிரஷ் நுனியில் துளி ஆக்கரும் வெள்ளையும் எடுத்துத் தலைக்கு ஒரு புள்ளி. கண், மூக்கு எதுவும் கிடையாது. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் புள்ளியை வைப்பதற்கு முன் போர்டை ஒரு நாள் சுவரில் சாய்த்து வைத்திருங்கள். ஆளில்லாத அந்த வானம் எவ்வளவு பெரிது என்று சொல்ல முடியாது. அதற்கு அளவுகோல் இல்லை. மறுநாள் துறவியை வைத்துவிட்டு நான்கடி பின்னால் போய்ப் பாருங்கள், வானம் சட்டென்று விரிந்துவிடும். காய்ந்ததும் போர்டைத் திருப்பி, பின்பக்கத்தில் 'ஃப்ரீட்ரிஷின் கடலோரத் துறவி, நகல்' என்று எழுதி, கீழே உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள்.